கழுவிக் கொடுத்த வண்டி

சச்சிதானந்தனைப் பற்றி சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் எந்தத் தமிழ்ச் சனத்திடம் கேட்டாலும் முதலில் வாயில் வருவது "துப்பரவான மனுசன்" என்பதுதான். நல்லவர், வல்லவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். முப்பத்துமூன்று வருடமாக அந்த ஊரில் இருக்கிறார். முதல் இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் மணிக்கூட்டுக் கோதுகளை மினுக்கினார். அந்த வேலை போனபின், தொடர்மாடிக் கட்டடங்களைப் பராமரிக்கிற சிறு நிறுவனமொன்றில் சேர்ந்தார். கோடையில் புல்லு வெட்டவேண்டும், படிக்கட்டுக் கழுவவேண்டும். மாரியில் விடியமுன் போய் வாசல்களில் பனி தள்ளவேண்டும். இப்போது ஐம்பத்தெட்டு வயது. தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையை இன்னொருவர் கழுவ இன்றுவரை விட்டதில்லை.

பனி தள்ளுவதற்கென்று பத்ரோன் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கி விட்டிருந்தார். முதலாளியை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பத்ரோன் என்றுதான் சொல்வார்கள். இவருடைய பெயர் மத்தே. பிக்கப் அமெரிக்காவில் செய்தது, ஆனை மாதிரி. முன்னால் பனி தள்ளும் இரும்புத் தகடு, பின்னால் உப்புப் பெட்டி. பத்து வருடமாக அதை ஓட்டியவர் சச்சிதானந்தன் ஒருவர்தான். ஒரு கீறல் கிடையாது. சீற்றுக்குக் கீழே கைவிட்டாலும் தூசு ஒட்டாது.

மார்கழி பிறந்து, குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினேழுக்கு இறங்கிய ஒரு காலைதான் அந்தச் சனியன் தொடங்கியது. ஐந்து மணிக்கு நிறுவனத்து வளவிலிருந்து வண்டியை எடுத்து, முதல் முடக்கில் திருப்பினார். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தும் அரைவாசிதான் திரும்பியது. பிறேக்கை மிதித்தார். மரக்குற்றியை மிதித்த மாதிரிப் பெடல் அசையாமல் நின்றது. எஞ்சினுக்குள்ளிருந்து மாடு அழுகிற மாதிரி ஒரு சத்தம். அந்த ஊரின் நீளத்தெருக்கள் எல்லாம் நேர், குறுக்குத்தெருக்கள் எல்லாம் இறக்கம். பிக்கப் தன் பாட்டில் இறங்கி, சந்தியைக் கடந்து, எதிரே குவித்திருந்த பனிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. குறுக்கே ஒருவரும் வரவில்லை. அது கடவுள் செயல்.

இறங்கிச் சுற்றிப் பார்த்தார். திரும்ப ஏறி, பதினைந்து நிமிடம் அங்கேயே எஞ்சினை ஓடவிட்டபின் மிதித்தார். பெடல் பூப்போலத் தாழ்ந்தது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம் போல இருந்தது. அவருக்குத் தலை சுற்றியது.

எட்டு மணிக்கு மத்தேயிடம் சொன்னார். மத்தே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார்.

"எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, சச்சி."

"இப்ப சரி, மொசியூ. விடிய சரியில்லை."

முப்பத்துமூன்று வருடம் இருந்தும் சச்சிதானந்தனின் பிரெஞ்சு வேலைக்குக் காணும், விளக்கத்துக்குக் காணாது. கல்லு, மரம், மாடு என்று அவர் சொன்னதை மத்தே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து சச்சிதானந்தன் கால்மணி முந்திப் போய் எஞ்சினைச் சூடாக்கத் தொடங்கினார். நாலு நாள் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் நாள், வளவுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு கிழவர் யன்னலைத் திறந்து படம் எடுத்தார். நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இந்த நாட்டில் குற்றம். படம் மத்தேயிடம் வந்தது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினார்கள். சூடாக்கினால் குற்றம், சூடாக்காவிட்டால் பிறேக் இல்லை. மனிதன் என்னதான் செய்வான்?

அவர் கெஞ்சிக் கேட்டதில், கராஜுக்குக் கொண்டுபோக மத்தே சம்மதித்தார். கராஜ் வைத்திருந்தவன் பெத்ரு, போர்த்துக்கல்காரன். வளவிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் அவனுடைய இடம். அவனும் வந்தேறிதான் என்பதால் சச்சிதானந்தனின் பிரெஞ்சு அவனுக்கு விளங்கும்.

"இந்த வகைப் பிக்கப்பில் ஸ்டியரிங்குக்கும் பிறேக்குக்கும் ஒயிலைத் தள்ளிக் கொடுப்பது ஒரே பம்ப்தான்" என்றான் பெத்ரு. "அதிலே ஏதும் பிழை என்றால் இரண்டும் சேர்ந்து படுக்கும். நீ சொல்வது நடக்கக்கூடிய விசயம்தான். வியாழன் காலை ஏழு மணிக்கு வளவிலிருந்து நேரே கொண்டு வா."

அன்று வீட்டுக்குப் போன சச்சிதானந்தன் மனைவி சுகந்தியிடம், "ஒருத்தனாவது நம்பிறான்" என்று சொல்லி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வியாழன் காலை வளவில் பிக்கப்பைப் பார்த்தபோது அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கதவெல்லாம் உப்பு வெள்ளை பூத்திருந்தது. சக்கரத்து இடுக்குகளில் கறுப்புச் சேறு உறைந்து தொங்கியது. இப்படியே ஒரு மனிதன் கையில் எப்படிக் கொடுப்பது? டொக்டரிடம் போவதென்றாலும் முழுகி, உடுப்பு மாற்றிக்கொண்டு போகிற சனம் நாங்கள். பெத்ரு கீழே படுத்துப் பார்க்கவேண்டியவன்; அவன் முகத்தில் ஊத்தை விழலாமா? ஆறுமணிக்கே வண்டியை எடுத்தார். எடுத்தவுடன் மாடு அழுதது, ஸ்டியரிங் இறுகியது. ஊர்ந்து ஊர்ந்து, பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கார் கழுவும் மண்டபத்துக்குள் விட்டார். உள்ளே சூடு போட்டிருந்தது. முக்கால் மணி நேரம் சுடுதண்ணி அடித்து, கண்ணாடி துடைத்து, கால்மிதியை உதறிப் போட்டு, ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கப் பெத்ருவின் வாசலில் நிறுத்தினார்.

"நேரே வந்தாயா?" என்று பெத்ரு கேட்டான்.

"ஓம்" என்றார். வழியில் கழுவியதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. குளித்துவிட்டு வந்தேன் என்று டொக்டரிடம் யாராவது சொல்வார்களா?

பெத்ரு மிதித்தான். பெடல் தாழ்ந்தது. சுற்றினான். ஸ்டியரிங் சுழன்றது. அரை மணி நேரம் கீழே கிடந்து பார்த்துவிட்டு, பம்பின் பெல்ட்டை மாற்றி, பிறேக்கில் காற்றெடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஒன்றுமில்லை, சச்சி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு சுத்தமாக வண்டி வைத்திருக்கிற ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை."

அந்த ஒரு புகழ்ச்சியோடு திரும்பி வந்தார். மறுநாள் விடிய மாடு திரும்ப அழுதது.

இரண்டாம் முறை பெத்ருவே ஒரு யோசனை சொன்னான். முதல்நாள் பின்னேரமே கொண்டுவந்து விடட்டும், விடிய அவனே எடுத்துப் பார்ப்பான். நல்ல யோசனைதான். சச்சிதானந்தனும் நல்ல மனதோடுதான் அன்று பின்னேரமும் வண்டியைக் கழுவினார். முதல் தரம் புகழ்ந்தவனிடம் இரண்டாம் தரம் ஊத்தையோடு போகலாமோ? கழுவி முடித்துப் பெத்ருவின் முற்றத்தில் நிறுத்தியபோதுதான் யோசித்தார்: ஈரமான வண்டி. வெளியே நின்றால் கதவு உறைந்து ஒட்டிவிடும், விடிய இழுத்தால் றப்பர் கிழியும்.

"பெத்ரு, ஈரமாக இருக்கிறது. இன்றைக்கு உள்ளே விடேன்" என்று அவரே கேட்டார்.

பெத்ரு நல்லவன். வேறொரு காரை வெளியே தள்ளிவிட்டு, பிக்கப்பை உள்ளே, ஹீற்றருக்குப் பக்கத்தில் விட்டான். விடிய எடுத்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்தேயிடமும் அப்படியே சொன்னான்.

தைமாதம் இரண்டாம் கிழமை, பாலர் பாடசாலைக்குப் பக்கத்து இறக்கத்தில், பிக்கப் நிற்காமல் போய்ப் படிக்கட்டுக் கைபிடியை வளைத்தது. பாடசாலை தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் படியில்தான் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். சச்சிதானந்தன் வளைந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தே கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"சச்சி, வண்டியை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். வண்டி சரி. உங்களுக்கு ஐம்பத்தெட்டு. காலில் பலம் குறைவது வெட்கப்படுகிற விசயமில்லை."

"மொசியூ, என்ரை கால் சரி. பிறேக்தான்…"

"டொக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாகனம் ஓட்டலாம் என்று அவர் எழுதித் தரும்வரை கையால் பனி வழிக்கிற சவள் வேலை செய்யுங்கள். பிக்கப்பைத் தவச்செல்வன் எடுக்கட்டும்."

தவச்செல்வன் அதே நிறுவனத்தில் வேலை செய்கிறவன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். சச்சிதானந்தன்தான் எட்டு வருடத்துக்கு முன் அவனைக் கூட்டிக்கொண்டுவந்து வேலையில் சேர்த்தவர். திறப்பை வாங்கும்போது அவனுக்கே முகம் கறுத்துப்போனது.

"செல்வன், முதல் பதினைஞ்சு நிமிசம் இறக்கத்திலை விடாதை. நேர்த்தெருவிலை மட்டும் ஓட்டு. விளங்குதோ?"

"ஓம் அண்ணை. நான் கொஞ்சம் பலமா மிதிக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தான். மரியாதையான சிரிப்புத்தான். ஆனால் அவனும் நம்பவில்லை என்பது அதில் தெரிந்தது.

அதோடு குளிரும் விட்டது. பத்து நாள் பனி உருகிக் கூரையெல்லாம் ஒழுகியது. பத்து நாளும் தவச்செல்வனின் கையில் பிக்கப் நல்ல பிள்ளையாக ஓடியது. ஒரு நாள் மாடு அழவில்லை, ஒரு நாள் பெடல் இறுகவில்லை. சச்சிதானந்தன் சவளோடு நடந்து போகையில் அது அவரைக் கடந்து போகும். உள்ளேயிருந்து தவச்செல்வன் கை காட்டுவான். இனி யார்தான் அவரை நம்புவார்கள்?

வீட்டில் சுகந்திகூட ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, முழங்கால் நோ எண்டு போன வருசம் சொன்னனீங்கள்தானே?"

"அது படி ஏறேக்கை, சுகந்தி."

"நான் சும்மா கேட்டனான். கோவிக்காதையுங்கோ."

அவர் கோபிக்கவில்லை. கோபிக்கிற பலமும் இல்லை. அவள் வேலைக்குப் போனபின், குசினியில் கதிரையில் இருந்துகொண்டு, சுவரில் வலதுகாலை வைத்து முழுப்பலத்தோடும் தள்ளிப் பார்த்தார். கதிரை பின்னால் போய்க் கவிழ்ந்தது. பலம் இருக்கிறது என்று நினைத்தார். அடுத்த நிமிடமே, இல்லையோ என்றும் நினைத்தார். ஒருவேளை தான் மிதித்ததாக நினைத்து மிதிக்கவில்லையோ? கல்லு, மரம், மாடு எல்லாம் தன்னுடைய மண்டைக்குள்தானோ? வண்டியில் பிழை என்று ஒரு மனிதன், ஒரேயொரு மனிதன் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. வேலை போனாலும் பரவாயில்லை. தான் பொய்யனும் இல்லை, பைத்தியமும் இல்லை என்று தெரியவேண்டும். டொக்டரிடம் போகிற நாள் மாசியில். அதுவரை நாளை எண்ணிக்கொண்டு சவள் பிடித்தார்.

தை கடைசியில் குளிர் திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, பத்தொன்பதுக்கு இறங்கி வந்தது. அன்று காலை ஐந்தரைக்கு, பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு வாசலில் சச்சிதானந்தன் பனி வழித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மாடு அழுகிறது. நிமிர்ந்து பார்த்தார். குறுக்குத்தெரு இறக்கத்தில் பிக்கப் வந்துகொண்டிருந்தது. தவச்செல்வன் சீற்றைவிட்டு எழும்பி நின்று மிதிப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. கீழே தரிப்பிடத்தில் இரண்டு பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஸ்டியரிங்கோடு அவன் மல்லுக்கட்டுவதும் தெரிந்தது. சச்சிதானந்தன் சவளைத் தூக்கிக்கொண்டு "விலகுங்கோ, விலகுங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினார். அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சவளோடு ஓடிவருகிறவரைக் கண்டு பயந்து விலகினார்கள். பிக்கப் எப்படியோ ஒரு முழம் திரும்பி, தரிப்பிடத்தை விட்டுப் பக்கத்துக் கல்மதிலில் மோதியது.

தவச்செல்வனின் வலதுகால் பிறேக் பெடலில்தான் இருந்தது. அப்படியே கணுக்கால் மூன்றாக உடைந்திருந்தது.

"அண்ணை, மிதிச்சனான். சத்தியமா மிதிச்சனான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"தெரியும் ராசா. தெரியும்." அம்புலன்ஸ் வரும்வரை சச்சிதானந்தன் தன் யக்கெற்றைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு, பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றார்.

அவனை ஏற்றிப் போனபின் பொலிஸ்காரி ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். மத்தே வந்தார். பெத்ருவும் இழுவை வண்டியோடு வந்து சேர்ந்தான். பிக்கப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கையை ஊதிக்கொண்டு, "இங்கே நின்று ஒன்றும் பார்க்க முடியாது. உள்ளே கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று சங்கிலியை எடுத்தான்.

சச்சிதானந்தன் பிக்கப்பைப் பார்த்தார். கதவெல்லாம் உப்பு. சக்கரத்தில் கறுப்புச் சேறு. தவச்செல்வன் பத்து நாளாகத் துடைக்கவில்லை. இந்த வண்டியை இவ்வளவு ஊத்தையாகப் பெத்ருவின் கையில் அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. முதல் தரம் முக்கால் மணி நேரம் சூட்டு மண்டபத்துக்குள். இரண்டாம் தரம் இரவு முழுவதும் ஹீற்றருக்குப் பக்கத்தில். கேட்டு உள்ளே விடவைத்தது வேறு யார்?

போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே கொண்டுபோகாதே. இங்கே எடு. இப்பவே எடு."

"சச்சி, குளிர்—"

"குளிரோடை எடு." ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதன், முதலாளியும் பொலிசும் பார்த்துக்கொண்டு நிற்க, தெருவில் நின்று கத்தினார்.

பெத்ரு அவர் முகத்தைப் பார்த்தான். ஏறி எஞ்சினை எடுத்தான். மாடு அழுதது. மிதித்தான். திரும்ப மிதித்தான். இறங்கிவந்து பொலிஸ்காரியை ஏறச் சொன்னான். அவள் சப்பாத்துக் காலால் தன் பலமெல்லாம் கூட்டி மிதித்துவிட்டு, மத்தேயைத் திரும்பிப் பார்த்தாள். மத்தே பக்கத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெத்ரு முன்மூடியைத் திறந்து, பம்புக்கு ஒயில் கொடுக்கிற சின்னத் தாங்கியைக் கழற்றினான். பழைய ஒயில் குளிரில் கூழாக இறுகி இருந்தது. அடியில் ஒரு வடி. தேத்தண்ணி வடியளவுதான் இருக்கும். அதன் கண்ணெல்லாம் கறுப்புக் களி அடைத்துக் கிடந்தது. சூடாக இருக்கையில் ஒயில் இளகி எப்படியோ அதுக்குள்ளால் போய்விடும். குளிரில் போகாது, பம்ப் வெறுமையாய்ச் சுற்றும். பத்து நிமிடத்தில் மாற்றுகிற சாமான்.

"முன்னம் இரண்டு தரமும் ஏன் எனக்கு இது காட்டவில்லை?" என்று பெத்ரு தன்பாட்டில் கேட்டான். பிறகு மெல்ல நிமிர்ந்து, "சச்சி, கொண்டுவருவதற்கு முன்னம் என்ன செய்தாய்?" என்றான்.

"கழுவினேன்" என்றார் சச்சிதானந்தன்.

மத்தே வந்து, டொக்டரிடம் போகத் தேவையில்லை, திங்கட்கிழமை வழமையான வேலைக்கு வரலாம், வண்டி தயாராகிவிடும் என்று சொன்னார். மன்னிப்பும் கேட்டார். இரண்டு மாதமாகக் கேட்க ஏங்கிய பேச்சு அது. சச்சிதானந்தனின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அன்று பின்னேரம் சுகந்தி கட்டிக் கொடுத்த சோற்றோடு ஆசுப்பத்திரிக்குப் போனார். தவச்செல்வன் மாக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். கால் பழையபடி மடங்குமோ என்று இப்போது சொல்ல முடியாது என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்களாம். ஏணி ஏறுகிற வேலையை இனி மறக்கவேண்டியதுதான்.

"அண்ணை, பொலிஸ்காரி வந்து சொன்னவள்" என்றான். "நீங்கள் சங்கிலியைப் பிடிச்சிருக்காட்டி என்னிலைதான் பிழை எண்டு எழுதியிருப்பினமாம். நீங்கள் முதலே சொன்னனீங்கள். நான்தான் சிரிச்சனான்."

சச்சிதானந்தன் சோற்றுப் பெட்டியை மேசையில் வைத்தார். கதிரையில் இருக்கவில்லை.

"செல்வன், ரெண்டு தரமும் நான் அதைக் கழுவிப்போட்டுத்தான் பெத்ருவிட்டைக் குடுத்தனான். சூட்டிலை வைச்சுக் கழுவினதாலை பிழை தெரியாமல் போட்டுது. கழுவாமல் குடுத்திருந்தால் மார்கழியிலையே பிடிபட்டிருக்கும். உன்ரை கால் உடைஞ்சிருக்காது."

அவன் திட்டுவான் என்று நினைத்தார். திட்டட்டும் என்றுதான் வந்திருந்தார். தவச்செல்வன் அவரை ஒன்றும் விளங்காமல் பார்த்தான்.

"பின்னை, ஊத்தையோடையே அண்ணை குடுக்கிறது?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்கிற முகத்தோடு கேட்டான். சச்சிதானந்தனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.